இருபது நிமிடம் சொறியக் கூடாது

ஐந்து நாளாய் மாத்திரை இல்லை.
போடாமல் வரணும் என்று
போனிலேயே சொல்லிவிட்டார்கள்.
ஐந்து நாளும் மூக்கு, கண், தொண்டை
மூன்றும் முறைவைத்து என்னைக் கவனித்துக்கொண்டன.
ஓவர்லாக் மிஷின்மேல் நான் தும்மத் தும்ம
"பீஸ்ல தெறிக்காமப் பாத்துக்குங் அக்கா,
எக்ஸ்போர்ட்டுக்குப் போறது" என்றான்
லைன் சூப்பர்வைசர்.

திருப்பூரில் இருட்டோடு ஏறி
கோயமுத்தூரில் எட்டு மணிக்கு இறங்கினேன்.

ஜெஸிந்தா என்று கோட்டில் எழுதியிருந்த பெண்
என் முன்கையை மேசைமேல் நீட்டச் சொல்லி
நீலப் பேனாவால் எண்கள் போட்டாள்,
பண்டலுக்கு நம்பர் போடுகிற மாதிரியே,
இருபத்திநான்கு வரை.
எண்ணுக்கு ஒரு சொட்டு.
சொட்டுக்கு ஒரு குத்து,
எறும்பு யோசித்துக் கடிப்பதுபோல.

"முதல் சொட்டு வெறும் உப்புத்தண்ணி, அது வீங்கக் கூடாது.
ரெண்டாவது வீங்கியே ஆகணும்.
ரெண்டும் சரியா இருந்தாத்தான்
உங்க தோலு சொல்றதை நம்பலாம்."

எனக்குச் சொன்னவர்கள் யாரையும்
நான் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

மாமியார் தயிர் என்றார்.
நங்கையா கத்தரிக்காய் என்றாள்.
மருந்துக்கடையில், மனசு.
கம்பெனியில் எல்லோரும், பஞ்சு, வேறென்ன.
தயிரை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன்,
வாழைப்பழத்தை ஏன் விட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை.
மூச்சு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு
தவறாமல் விசிலடித்தது.

போன ஆடியில் பூனையை விட்டோம்.
பிஸ்கட் என்று பெயர்.
கனிஷ்கா ஸ்கூலுக்குப் போன நேரம் பார்த்து
அவர் அரிசிச் சாக்கில் போட்டு
நொய்யலுக்கு அக்கட்டால
சாயப்பட்டறைச் சந்தில் விட்டுவந்தார்.
சாக்கின் வாயைக் கட்டியது நான்.
அதற்கப்புறம் கனிஷ்கா
என்னிடம் எது கேட்டாலும்
ஒற்றைச் சொல்லில்தான் கேட்கிறாள்.
சோறு. பென்சில். கையெழுத்து.

இருபது நிமிடம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு கையில் அங்கங்கே
யாரோ விழித்துக்கொண்டார்கள்.
பக்கத்து நாற்காலி பெருந்துறைக்காரர்
தன் கையை ஊதியபடி கேட்டார்:
"உங்குளுக்கு எதுலீங் வீங்குது?"
"தெரியலீங். நம்பர் மட்டுந்தான் போட்டிருக்குது."

கண்ணாடி ஸ்கேல் வைத்து அளந்தாள்.
ஏழு, தூசிப் பூச்சி. ஒன்பது மில்லிமீட்டர்.
தலையணைக்குள் இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம்.
பதினொன்று, கரப்பான்.
பதினாறு, பார்த்தீனியம்.
எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் காலி சைட்டில்
ஒரு மழைக்கே இடுப்புயரம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறது,
அதன் ஓரமாய்த்தான் தினமும் துணி காயப்போடுகிறேன்.
பால், இல்லை.
கத்தரிக்காய், இல்லை.
பஞ்சு, இல்லை.

"பத்தொன்பது?"
"பூனை. ஒண்ணுமில்லீங்க."

அந்த இடம் வழவழவென்று இருந்தது.
அங்கே விரலை வைத்தேன்.
சொறியவில்லை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்:
தலையணைக்கு உறை, வெந்நீரில் துவையல்,
துணி வீட்டுக்குள்ளே காயட்டும்.
பஞ்சு அலர்ஜி இல்லையென்றாலும் தூசி தூசிதான்,
மாஸ்க் போடுங்கள்.
இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.
இது போகாதுங்களா என்றேன்.
அடங்கும் என்றார்.

ராத்திரி குளிக்கையில்
மற்ற எண்களைத் தேய்த்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து
பாலத்தைத் தாண்டி அந்தச் சந்துக்குப் போனேன்.
சாக்கடை ஒருபக்கம் ஊதா, ஒருபக்கம் கறுப்பு.
மாஸ்க்கைக் கீழே இறக்கிக் கூப்பிட்டேன்,
பிஸ்கட், பிஸ்கட்.
குரல் பாதியில் இழுத்தது.
இன்ஹேலரை ஒருமுறை அழுத்திவிட்டு
மறுபடி, பிஸ்கட்.

டீக்கடைக்காரர்
பாட்டில் மூடியில் கைவைத்தபடி
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"எந்த பிஸ்கட்டுங்?"