பூக் கிள்ளாத மூன்று வரிசை

அமுக்கிராவில் குதிரை மணக்கும் என்பார்கள்.
நான் குதிரை கண்டது ஒரேயொரு தரம், நெடுந்தீவில்,
அதுவும் காற்று மறுபக்கம் வீசிய நாளில்.
என் விரலில் இருக்கும் மணத்துக்கு
வேறு பெயர் தெரியவில்லை.

புன்னாலைக்கட்டுவனில் நாலு பரப்புச் செம்மண்.
பூக்கத் தொடங்கியதும்
விடியக் காலமை போய்ப் போய்க் கிள்ளினேன்.
பூவென்று சொல்லவும் ஏலாது,
இலைக் கக்கத்தில் பச்சையாய் ஒரு முனகல்.
கிள்ளினால் கிழங்கு பருக்கும்,
விட்டால் செடிக்குக் கவனம் மேலே போய்விடும்
என்றிருந்தார், வாங்க வருகிற பேரம்பலம்.

வேலியோரம் மூன்று வரிசையை விட்டேன்.
போனமுறை கடையில் வாங்கிய விதை
பத்துக்கு மூன்றுதான் முளைத்தது.
அந்தக் காசை நினைத்து விட்டேன்,
பூவுக்கு இரங்கி அல்ல.

கிண்டிய அன்று
கிள்ளிய செடி இருபது: ஒரு கிலோ தொண்ணூறு.
கிள்ளாத இருபது: எழுநூற்று நாற்பது.
கிள்ளியது டக்கென்று முறிந்து வெள்ளை மா காட்டியது.
மற்றது முறியவே இல்லை,
நாராய் இழுபட்டது.
"பிள்ளை பெத்த உடம்பு மாதிரி,"
சிரித்தார் பேரம்பலம்.
நான் மூன்று பெற்றவள்.
அவருடைய தராசைத் தூக்கிப் பிடித்திருந்தது
என் கைதான்.

அருந்தவநாதன் கொப்பியின் பின்மட்டையில்
முந்நூற்றைம்பது என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

கடதாசிக் கூட்டுக்குள் சிவந்த பழம்.
கொண்டைக்குருவி தின்றது போக மிச்சத்தைப்
பிசைந்து, சாம்பல் போட்டு அலசி,
நிழலில் காயவைத்து
ஜாம் போத்தலில் போட்டேன்.
அரைப் போத்தல்.

ஒரு பூவும் மிச்சம் விடாத யோகராணி
ஆவணியில் வந்தாள்.
அந்தக் கிழங்கில் குசினிக்கு ஓடு போட்டவள்.
"ஒரு பிடி விதை தாவன்."
இழந்த கிழங்கின் விலையைச் சொன்னேன்.
"விதைக்கோ இவ்வளவு?"
"கிழங்குக்கு."
போனவள் இரவு திரும்பி வந்தாள்,
ஒரு கையில் டோர்ச், மறுகையில் எண்ணிய காசு.

அவள் போகையில் வெளிச்சம் வேலியில் ஓடியது.
கிளுவை.
அதன் வேர் தறைக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கும்?
மூன்று மணிக்கே அங்கே நிழல்.
வாய்க்கால் தண்ணீர் கடைசியாய்ப் போவதும் அங்கேதான்,
மிசினை நிறுத்தும் நேரத்தில்.
அப்படியென்றால் முந்நூற்றைம்பதில்
விதை தின்றது எவ்வளவு, வேலி தின்றது எவ்வளவு?
கொப்பியில் அதற்குக் கோடில்லை.
நோஞ்சானைப் பார்த்து விதைக்கு விட்டவளும் நான்,
விதையால் நோஞ்சானானது என்று
தலையாட்டியவளும் நான்.

இந்தமுறை தறை நடுவில்,
தண்டு பெருவிரல் மொத்தத்தில் இருப்பதாய்ப் பார்த்து
பதினெட்டுச் செடிக்குச்
சிவப்புச் சாரத் துண்டு கட்டினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
தண்ணீர் மாறப் போனார்.

பின்னேரம் எண்ணினேன்.
பதினேழு.