செவ்வாய், நான்கு முதல் ஆறு வரை

நூலகத்தின் கீழ்த்தளத்தில்
நகல் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே
என் மேசை.
'பொதுச்சேவை: சக மாணவர் ஆலோசனை'
என்ற அட்டையை யாரோ வாரந்தோறும்
சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார்கள்.
நானும் வாரந்தோறும் நிமிர்த்தி வைக்கிறேன்.

வழி கேட்டு வருகிறவர்களைவிட
ஸ்டேப்ளர் கேட்டு வருகிறவர்கள் அதிகம்.

டுலூத்தில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிடுகிறது.
படிக்கதவு திறக்கும்போதெல்லாம்
ஏரிக்காற்று உள்ளே வந்து
என் துண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கிறது.
எதையும் எடுத்துப் போவதில்லை.

அந்தக் காற்றோடு ஒருநாள் வந்தாள்
அன்னலீஸ் லிண்ட்குவிஸ்ட்.
உட்காரவில்லை.
"எண்பது மணி நேரம் வேண்டும்,
மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு.
யாரையாவது நேசித்தாக வேண்டுமா?"

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
முதலில் ஆர்வத்தைக் கேள்,
பிறகு கனவைக் கேள்.
நான் கேட்டது
"கார் இருக்கிறதா?"

இருந்தது.
ஹீட்டர் ஓட்டுபவரின் இடதுகாலை மட்டும் சூடாக்கும்,
பின்கதவு உள்ளிருந்துதான் திறக்கும்.
போதும் என்றேன்.
வியாழக்கிழமை விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு
மேற்குக் குடியிருப்பிலிருந்து
டயாலிசிஸ் மையம் வரை
திரு. லெராய் டெஃபோவை ஏற்றிப் போக
யாருமே அகப்படவில்லை என்று
ஒரு மாதமாக என் பட்டியலில்
சிவப்பு மையில் ஒரு வரி கிடந்தது.

மூன்றாம் செவ்வாய்
கையெழுத்துக்காகத் தாளை நீட்டினாள்.
முதல் வாரம்: இரண்டு மணி. பேசவில்லை.
இரண்டாம் வாரம்: இரண்டு மணி. "இடது" என்றார்.
மூன்றாம் வாரம்: இரண்டே கால்.
எலுமிச்சை மிட்டாய் கொடுத்தார்.
சர்க்கரை இல்லாதது. படுமோசம்.

'குறிப்பு' என்ற கட்டத்தில்
இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
"நீ எங்கே போகிறாய்?"
"நானா? இங்கே வருகிறேனே."
அவள் சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

முதலாண்டில் நானும் போனேன்,
இரண்டாம் தெரு எழுத்தறிவு மையத்துக்கு,
மூன்றே வாரம்.
ஹாவோ என்ற சோமாலியப் பெண்
மருந்துச்சீட்டு படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.
'உணவுக்கு' வரை வந்துவிட்டோம்.
முன்பா பின்பா என்பது
அடுத்த வாரப் பாடம்.
அடுத்த வாரம் எனக்கு ஜலதோஷம்.
அதற்கடுத்த வாரம்
ஜலதோஷம்கூட இல்லை.
இந்த மேசை ஒரு வசதி.
ஊருக்கு உபதேசம் செய்கிறவனிடம்
யாரும் வருகைப்பதிவு கேட்பதில்லை.

பிப்ரவரியில் அவளுக்குத்
தொடர்ந்து மூன்று வியாழன் தேர்வு.
பட்டியலை விரித்தேன், பதினொரு பெயர்.
நான்கு பேர் எடுக்கவில்லை,
ஐந்து பேர் "அடடா" என்றார்கள்,
ஒருவன் படிப்பையே விட்டுவிட்டிருந்தான்.
பதினோராவது
என் கையெழுத்திலேயே இருந்த என் பெயர்,
உதாரணத்துக்காக எழுதியது.

அவளும் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டாள்.
ஸ்டேப்ளர் பக்கத்தில் சாவியை வைத்து,
"முதல் தடவை கிளம்பாது,
திட்டாதே, இன்னொரு தடவை திருகு"
என்று சொல்லிவிட்டுத்
தேர்வுக்குப் படிக்க மாடியேறினாள்.

வியாழன்.
பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு.
வலதுகால் எனக்குச் சொந்தமானதாக இல்லை.
திரு. டெஃபோ ஏறி உட்கார்ந்து
தொப்பியை முழங்காலில் மாட்டி
என்னை முழுசாக ஒருமுறை பார்த்தார்.
"அவள்?"
"தேர்வு."
வானொலியில் நேற்றைய ஹாக்கி.
கப்பல் துறையின் விளக்குகள் கடந்தன.
மூன்று நிறுத்தம் வரை
அவருக்கும் எனக்கும் நடுவில்
எங்கள் மூச்சுப்புகை மட்டும்.

"இடது" என்றார்.

நான் நேராகப் போய்விட்டிருந்தேன்.