பாகம்

கடைசி மின்னஞ்சல் மூன்றே வரி.
பட்டறையை மூடுகிறோம்.
உதிரி பாகங்கள் இனி இல்லை.
வாங்கியவர்களுக்கு நன்றி.
கீழே ஹெனிங் என்று ஒரு பெயர்,
பதவி எதுவும் போடவில்லை.

நாலு பேர் வேலை செய்த இடம்,
வடகடல் ஓரத்தில் எங்கோ.
அவர்கள் செய்த ரெகுலேட்டரை
பதினோரு வருஷமாகக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
என் பல் பதிந்த ரப்பர்
இன்னொருவர் வாயில் நிற்காது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
புரொப்பல்லரில் வலை சுற்றினால்
என்னைக் கூப்பிடுவார்கள்:
'ஜெர்வாசே, கத்திய எடுத்துட்டு வாடே.'
நங்கூரம் பாரில் மாட்டினாலும் நான்தான்.
ஆள் தேடவும் போவேன்,
அதற்குக் காசு கிடையாது.

வருஷத்துக்கு ஒரு பொட்டலம் வரும்.
ரெண்டு வளையம், ஒரு சவ்வு,
உளுந்தளவு வெள்ளையாக ஏதோ ஒன்று.
இது என்ன என்று சுங்கத்தில் கேட்டார்கள் ஒருமுறை.
மூச்சு என்றேன்.
அதற்கும் ஒரு சதவீதம் இருந்தது.

பொட்டலம் நின்ற வருஷம்
வடசேரியில் பம்பு ரிப்பேர் நேசையன்
பழைய வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்து
டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்.
மூன்று ரூபாய். பொருந்திவிட்டது.
சவ்வைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
'தண்ணி நிக்குமாண்ணு கேளு, சொல்லுதேன்.
ஆளு நிக்குமாண்ணு கேக்காத.'

இதே மாடல் இன்னும் ஒருத்தரிடம் இருக்கிறது.
கடமத்துத் தீவில், சுஹரா என்ற பெண்ணிடம்.
மலையாளத்தில் குரல் அனுப்பினாள்,
பின்னால் அலை கேட்டது.
அவளிடமும் பிரிக்காத சவ்வு ஒன்றே ஒன்று.
விலை பேசினேன், தரவில்லை.
நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.
கடைசியில் ஒரு ஒப்பந்தம்:
யார் முதலில் கரையேறுகிறாரோ
அவர் பெட்டி மற்றவருக்கு.

அதுவரை ஆழத்தைக் குறைக்கிறேன்.
பதினைந்து பாகம் போனவன்
போன கொல்லம் பத்தில் நிறுத்தினேன்.
இந்தக் கொல்லம் ஷெறின்
பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினாள்:
ஆறு.
தீர்ந்துபோகிற பாகம் எது என்று
அவளுக்குக் குழப்பமே இல்லை.

செவ்வாயன்று வலேரியானின் நங்கூரம்
பன்னிரண்டில் மாட்டியது.
எட்டாயிரம் தருகிறேன் என்றார்.
கயிற்றை அறுத்துவிடுங்கள் என்றேன்.
கேட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வியாழன் இருட்டுமுன்
முகத்துவாரத்துக்கு வெளியே வள்ளம் மறிந்தது.
ரெண்டு பேர் ஏறிவிட்டார்கள், ஒருவனைக் காணோம்.
சிலிண்டரைத் தூக்கும்போது சொன்னேன்,
'அங்க ஆறுதான் இருக்கும்.'
ஷெறின் கடல்காரன் மகள்.
ஒன்றும் சொல்லாமல் டார்ச்சைத் தந்தாள்.

கீழே கலக்கு.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
மணலைத் தடவித் தடவிப் போனேன்.
எட்டாவது பாகத்தில்
இழுத்த மூச்சு பாதியில் நின்றது,
மழையில் ஊதிப்போன கதவைத் தள்ளுகிற மாதிரி.
தள்ளினேன்.
திறந்தது.
பெயர் மட்டும் தெரிந்த அந்த ஆளை
கெட்ட வார்த்தையில் ஒருமுறை திட்டினேன்,
ஒருமுறை கும்பிட்டேன்.
ரெண்டும் குமிழியாய் மேலே போயின.

மேலே வந்தால் சிரிக்கிறார்கள்.
காணாமல் போனவன்
இரையுமன்துறைப் பக்கம் நீந்தி ஏறி
சாயா குடித்துக்கொண்டிருக்கிறானாம்.

வீட்டில் ஷெறின்
நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் அலசினாள்.
ஆழமானியில் ஒரு சிவப்பு முள் உண்டு.
போன தூரத்திலேயே நின்றுவிடும்,
பொய் சொல்லத் தெரியாது.
விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.
நடுவிலிருக்கும் திருகை நகத்தால் திருப்பி
முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள்.
துடைத்தாள்.
பெட்டியை மூடும்போதுதான் கேட்டாள்:

'அந்தத் தீவுக்காரி
எப்பம் கரையேறுவாளாம்?'