இடதுபுறம், நாக்கின் அடியில்

வியாழன் இரவு ஒன்பது மணி.
ஃபலஜ் அல் கபாயில் சாலையில்
சவர்மா கடைக்கு மேல்மாடி, எங்கள் கிளினிக்.
நிற்க இடமிருக்காது.
வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துப் பொறுத்த வலிகள்
சோஹார் துறைமுகத்திலிருந்து
படியேறி வரும் நேரம்.

பூமிநாதன், நாற்பத்திரண்டு, சாரம் கட்டுபவர்.
மெஸ் சோற்றில் கல்.
கடைவாய்ப் பல் பாதி போயிற்று.
"பிடுங்கிடச் சொல்லுங்க சிஸ்டர்,
கார்டுல அதுதான் வரும்."
சொன்னேன்.

டாக்டர் ரீம் பல்லைப் பார்க்கவில்லை.
முதலில் கழுத்தைத் தொட்டார், தாடைக்கடியில்,
மெத்தைக்கடியில் சில்லறை துழாவுவதுபோல.
உதட்டைப் புரட்டினார். கன்னத்தின் உட்புறம்.
பிறகு காஸ் துணியில் நாக்கு நுனியைப் பொதிந்து
மெல்ல வெளியே இழுத்தார்.
எல்லோருக்கும் செய்வதுதான், இரண்டு நிமிடம்,
பல் கூசுது என்று வரும் பள்ளிக்கூடப் பையனுக்கும்.
கேட்டு யாரும் வருவதில்லை.
கட்டணப் பட்டியலில் அதற்கு வரி கிடையாது.

இடதுபுறம், நாக்கின் அடியில்,
வெள்ளை.
சோற்றுப் பருக்கை என்று நினைத்தேன்.
துடைத்தார், போகவில்லை.
ஓரம் கரடாக, நடுவில்
ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில்:
எத்தனை நாளாக? எரியுமா? என்ன போடுவீர்கள்?
நாக்கு இன்னும் டாக்டர் விரல்களில்.
பதில் சொல்ல வேண்டியது அங்கே மாட்டியிருக்க
பூமிநாதன் என்னைப் பார்த்தார்.
நான் அவர் காலுறையைப் பார்த்தேன்.
கணுக்காலருகே ஒரு பொட்டலம் புடைத்திருந்தது.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

விடுபட்ட நாக்கு கேட்ட முதல் கேள்வி
புற்றா என்பதல்ல.
"கம்பெனிக்குத் தெரியுமா?"
அன்ஃபிட் என்று ஒரு முத்திரை விழுந்தால்
விசா, வட்டிக்கடன், மகளின் நர்சிங் ஃபீஸ்,
சீட்டுக்கட்டுபோல எது எதன்மேல் சாயும் என்று
எனக்கும் தெரியும்.
இங்கிருந்து யாருக்கும் போகாது என்றார் டாக்டர்.
சொன்னேன். எவ்வளவு நம்பினாரோ.

உடைந்த பல்லின் கூர் உரசியும் இருக்கலாம்,
இன்றே பிடுங்கிவிடுவோம், பொட்டலத்தை விட வேண்டும்,
(டாக்டரும் பார்த்திருக்கிறார்)
இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் ஒரு துளி சதை.
"பயப்பட வேண்டாம், இது ஏர்லி என்று சொல்."

அந்தச் சொல்லில்தான் தடுக்கினேன்.
சீக்கிரம் என்றால்
எது சீக்கிரம் என்று கேட்பார்.
"ஆரம்பம்தான் அண்ணே."
முகம் வெளுத்துவிட்டது.
"அப்ப இனிமேதான் எல்லாம் வருமா?"

இல்லண்ணே, இல்ல.
சாரத்துல ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தா
எப்பப் பாக்கணும்?
"பச்சை டேக் மாட்டுறதுக்கு முன்னாடி."
அதான்.
அவர் கொஞ்ச நேரம் கூரை விளக்கையே பார்த்தார்.
எந்தப் பலகையில் நிற்கிறோம் என்று
யோசித்தாரோ என்னவோ.

பதினைந்தாம் நாள் வரவில்லை.
போன் எடுக்கவில்லை.
பதினேழாம் நாள், நைட் ஷிஃப்ட் முடித்து,
முன்முடியில் துருத்தூளோடு வந்தார்.
காலுறை தட்டையாக இருந்தது.
வெள்ளை அப்படியே இருந்தது.

உளுந்தளவு.
பார்மலின் குப்பிக்குள் இறங்கி அசைவற்று நின்றது.
லேபிளில் பெயரெழுதினேன்,
அவர் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார்.
எங்கே போகுது?
மஸ்கட்டுக்கு, காலை வண்டியில்.
"பதினோரு வருஷம். ஏர்போர்ட்டத் தவிர
நான் மஸ்கட்ல ஒண்ணும் பாத்ததில்ல"
என்றார், மரத்த நாக்கில்
ஒவ்வொரு எழுத்தும் வழுக்க.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
பாதி உதடுதான் அசைந்தது.

ஞாயிறு என்றார்கள். பிறகு புதன்.
இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருக்கிறேன்,
எது வந்தாலும் சொல்ல.
இரண்டிலும் ஆரம்பம் என்ற சொல் இல்லை.

அடுத்தவர் உள்ளே வருகிறார்,
பல் வெள்ளையாக்க வேண்டுமாம்.
ஊரில் அடுத்த மாதம் கல்யாணம்.
காஸ் துணியை எடுத்து வைக்கிறேன்.