இரண்டு நிமிடம்

மூன்று வருடத்துக்கு முன்
இதே அட்டனில், இதே ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்
பேச்சிமுத்துவுக்காக எழுந்து நின்றோம்.
செய்தி கொண்டுவந்தவன் மரியதாஸ்:
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில், மாரடைப்பு, புதன்கிழமை.
கிழமை வரைக்கும் சொன்னதால்
யாரும் சந்தேகப்படவில்லை.

இரங்கலுரை என்னுடையது.
எண்பத்திரண்டு ஏ.எல். வகுப்பில்
மைக்குக்குப் பயப்படாதவள் நான்தான் என்று
நாற்பது வருடமாக ஒரு நம்பிக்கை.
"பௌதிகத்தில் கெட்டிக்காரன்.
யாருக்கும் தீங்கு நினையாதவன்" என்றேன்.
ரஸீனாதான் முதலில் அழுதாள்.
மலர்வளையத்துக்கு நாலாயிரத்து முந்நூறு சேர்ந்தது.
கடல் தாண்டி வளையம் அனுப்பும் வழி தெரியாமல்
சந்தனசாமி அதை வங்கியிலேயே விட்டுவைத்தான்.

இன்றைக்குப் பத்தரை மணிக்கு
மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே
படியேறி வருகிறான் பேச்சிமுத்து.

தலையில் முடி இல்லை. இடது காது கேட்காது.
மற்றபடி உயிரோடு.

மரியதாஸ் பிளேன்டீ கிளாசை மேசைமேல் வைத்தான்.
வைத்த இடத்தில் மேசை இல்லை.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
யாருக்கு பைபாஸ், யாருக்கு இன்சுலின்,
பத்மினியின் மகன் கட்டாரில் வேலை மாறியது,
லெட்சுமணன் திரீவீல் வாங்கியதும் விற்றதும்,
ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் உறுதி வராதது.
அவனிடம் மட்டும் எதைக் கேட்பதென்று தெரியவில்லை.
ஒருமுறை அஞ்சலி செலுத்திய ஆளிடம்
சுகமா என்று கேட்க
வாய் கூசியது.

எண்பத்திநாலு தையில்
தலைமன்னாரில் கப்பலேறியவன்.
"அங்கயும் தேயிலைதான், மனோன்மணி.
நாப்பது வருசமா சிலோன்காரன்னுதான் கூப்புடுறாங்க.
முந்தாநாள் கட்டுநாயக்காவுல எறங்குனா
வெளிநாட்டுக்காரங்க வரிசையில போயி நில்லுங்கறான்."
சொல்லிவிட்டு
நல்ல காதை என் பக்கம் திருப்பினான்.
"எனக்குக் கூட்டம் வச்சீங்களாமே.
என்னா பேசுன?"

சொன்னேன்.

"பௌதிகத்துல எனக்கு எஃப்பு, புள்ள."
"அதுக்கப்புறம்?"
யாருக்கும் தீங்கு நினையாதவன்.
கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான்.
"ஒன் நீலக் குடை காணாமப் போச்சே,
அத எடுத்தது நாந்தான்.
அம்மா கொழுந்துக்குப் போறப்ப நனையுதுன்னு."

அந்தக் குடைக்காக
ஒரு தவணை முழுக்க
பத்மினியோடு பேசாமல் இருந்தவள் நான்.
அடுத்த கதிரையில்தான் இருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் தட்டில் இன்னுமொரு வடையை வைத்தாள்,
கொஞ்சம் அழுத்தி.

மத்தியானம் அந்தக் காசில் புரியாணி எடுத்தோம்.
வட்டியும் சேர்த்தும் போதவில்லை,
மீதிக்கு ஆளாளுக்குக் கை போட்டோம்.
தன் மலர்வளையத்தில்
லெக் பீஸ் கேட்டு வாங்கித் தின்றான் பேச்சிமுத்து.

கை கழுவும்போதுதான் சொன்னான்.
"அது வேற பேச்சிமுத்து.
நான் எஸ்., அவரு எம்.
அவரும் இங்கிட்டு ஆளுதான், மஸ்கெலியா பக்கம்.
பஸ் ஸ்டாண்டுல வாழப்பழம் விப்பாரு.
எனக்கு வர்ற கடுதாசி அவருக்குப் போகும்,
அவருக்கு வர்றது எனக்கு.
கடைசியில யாருமே இல்ல.
பஞ்சாயத்துக்காரங்கதான் எடுத்து அடக்கம் பண்ணாங்க."

குழாயை மூட மறந்து
அப்படியே நின்றோம்.

நாலு மணிக்கு மூடுபனி மாடிப்படி வரைக்கும் ஏறிவிட்டது.
ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.
சந்தனசாமி கூட்டக் குறிப்புப் புத்தகத்தை விரித்து
பழைய அனுதாபத் தீர்மானத்தை
அடிமட்டம் வைத்து வெட்டப் போனான்.
பேனையை வாங்கிக்கொண்டேன்.

இருபத்தொரு பேர் எழுந்து நின்றது,
கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிய சத்தம்,
ரஸீனாவின் முந்தானை:
எல்லாம் நடந்ததுதானே.

எஸ். என்பதை மட்டும் எம். ஆக்கினேன்.
மற்ற வரிகளில் கை வைக்கவில்லை.
யார் கண்டது,
அந்த மனுசன்
பௌதிகத்தில் கெட்டிக்காரனாகவும் இருந்திருக்கலாம்.