அடுத்த மாதம், எதேரி

சுக்தீதியிலிருந்து முதல் பேருந்தில்
குதாயிசிக்கு வந்திருந்தாள் எதேரி.
மடியில் ஒரு பை ஹேசல் கொட்டை.
வக்கீல் கட்டணத்தில் பாதி என்றாள், சிரிக்காமல்.

ஒப்பந்தம் நாலு பக்கம்.
கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது,
எட்டு டன் இறக்கிய ரசீதை
பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

பணம் கேட்டுக் கடிதம்? என்றேன்.
எதற்கு,
அவ்தாந்தில்தான் மாதம் தவறாமல் கூப்பிடுவாரே.
மகன் கல்யாணத்துக்கு வாழ்த்தினார்.
பசு செத்தபோது
என்னைவிட அதிகம் வருந்தினார்.
"அடுத்த மாதம், எதேரி, கட்டாயம்" என்பார்.
அப்படிப்பட்ட மனிதர்மேல் வழக்கா?

அவர் எழுதித் தந்தது ஏதாவது?
ஒரு குறுஞ்செய்திகூட?
யோசித்தாள்.
போன ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டைப் படம் ஒன்று.

நாட்காட்டியை எடுத்தேன்.
வழக்குப் போட மூன்று வருடம் கெடு.
விரலால் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
இரண்டு முறையும்
பதினோரு நாள் தாண்டித்தான் வந்து நின்றது விரல்.

இந்த மாதம் அவர் கூப்பிடவேயில்லை,
உடம்புக்கு என்னவோ, பாவம்
என்றாள்.

பையை அவள் பக்கம் தள்ளினேன்.
அவள் திரும்ப
என் பக்கம் தள்ளினாள்.