காதுக்குறி

அந்தப் பத்தி மட்டும் வழுக்கியது.
என் வாக்கியங்கள் நடந்தால் கல் தடுக்கும்;
"ஆனாலும்" என்று நின்று, மூச்சு வாங்கி,
பிறகுதான் நகரும்.
இது எங்கும் நிற்கவில்லை,
பனிக்கட்டி மேல் சக்கரம்போல் போனது.

ஆகுரேரி நூலகம், வியாழன் இரவு பத்து மணி.
மண் அரிப்பு பற்றிய கட்டுரை. திங்கட்கிழமை கெடு.
மென்பொருள் மோந்து பார்த்து
ஆறு விழுக்காடு என்றது, பச்சை காட்டியது.
"பச்சைதானே, யோருன்" என்றான் எதிரே தோர்பெர்குர்
வறுவலை நொறுக்கிக்கொண்டே.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.
"விரைவாக" இருந்த இடத்தில் "வேகமாக".
"சாம்பல் மண்" என்றிருந்ததை
"எரிமலைத் துகள்" ஆக்கினேன்.
சட்டையை மாற்றினேன், எலும்பை மாற்றவில்லை.
எலும்பு யாருடையது?
கோடையில் எடுத்த குறிப்பேட்டில்
பெயரில்லாமல், பக்க எண் இல்லாமல் கிடந்தன அந்த வரிகள்.
என் கையெழுத்தில் இருந்ததால்
என்னுடையவை என்று நம்பிவிட்டேன்.
மடிக்கணினியை மூடிவிட்டு
அதையே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாவது சொல்லில் நின்றேன்.
தோர்பெர்குர் மெல்லுவதை நிறுத்தினான்.

சனிக்கிழமை ஆடு பிரிக்கும் நாள்.
கோடை முழுக்க மலையில் கலந்து மேய்ந்தவை
ஒரே வெள்ளமாக இறங்கும்.
வட்டத் தொழுவம், நடுவே பொதுமுற்றம்,
சுற்றிலும் ஆரக்கால்களின் இடைவெளிபோல்
பண்ணைக்கு ஒரு பட்டி.
கொம்பைப் பிடித்து, கால்களுக்கிடையே இறுக்கி,
இழுத்துப்போய்த் தள்ள வேண்டும்.
மழை. சேறு. நனைந்த கம்பளி நாற்றம்.
யாரோ பாடுகிறார்கள், யாரோ வைகிறார்கள்.
பதினோராவதோ பன்னிரண்டாவதோ,
எங்கள் கதவுவரை கொண்டுபோய்விட்டேன்.
தாழ்ப்பாளுக்காகக் கையை மாற்றும்போது
விரல் அதன் காதில் பட்டது.
எங்கள் குறி இடக்காதில் ஒரு வெட்டு.
இதற்கு வலக்காதில் இரண்டு.

திருடவா இழுத்தேன்?
இல்லை. குளிர், அவசரம், எல்லா முகமும் ஒரே முகம்.
ஆனால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தால்
என் நினைப்பு எங்கே நின்றிருக்கும்?
ஆடு எங்கள் பட்டியில் நின்றிருக்கும்.

முற்றம் முழுவதையும் திரும்பக் கடந்தேன்.
ஆல்டிஸிடம் "இது உன்னுடையது" என்றேன்.
காதைத் தடவிப் பார்த்தாள். "ஆமாம்."
நன்றிகூட இல்லை,
அடுத்த ஆடு வந்துவிட்டது.

காது வெட்டுவது இலையுதிர்காலத்தில் அல்ல,
வசந்தத்தில், குட்டியின் ஈரம் காய்ந்ததுமே.
ஐந்து வயதிலிருந்து அறிந்த செய்தி;
குறிப்பேட்டுக்கும் பொருந்தும் என்று தோன்ற
இருபத்தொரு வயது ஆகியிருக்கிறது.

ஞாயிறு முழுக்கச் சிவப்பு மை.
பிறர் வாக்கியத்தைச் சுற்றி வட்டம்,
பக்கத்தில் பெயர், பக்க எண்.
புத்தகத்தை மூடிவைத்து மறுபடி எழுதினேன்.
தடுக்கியது. "ஆனாலும்" வந்தது.
சொல் என்னுடையதாகவே இருந்தாலும்
யோசனை அவருடையது என்றால் அவர் பெயரை எழுதினேன்.
இரண்டு வரிகளைத் தொட மனம் வரவில்லை;
மேற்கோள் குறிக்குள் அப்படியே உட்காரவைத்தேன்,
வந்த விருந்தாளிக்கு நாற்காலி போடுவதுபோல.

ஒன்று மட்டும் மிஞ்சியது:
காற்று இந்த நாட்டைத்
தவணை முறையில் எடுத்துச் செல்கிறது.
கட்டுரையிலேயே அழகான வரி.
இரண்டு மணி நேரம் தேடினேன்,
எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை.
நான்தான் எழுதினேனோ? இருக்கலாம்.
இரண்டு காதிலும் வெட்டு இல்லை.
அடித்துவிட்டேன்.

அந்த இடத்தில் கட்டுரை நொண்டுகிறது.
திருத்தி வந்த தாளின் ஓரத்தில் ஒரு பென்சில் கேள்வி:
இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறதா?

ஆமாம்.